ஒரே தாளில் மூன்று அலுவலகம்: கடற்கரைத் தொடக்கப் பள்ளி ஒன்றின் தீர்மானப் பதிவேடு குறித்த நிகழ்வு ஆய்வு

ராமநாதபுரம் மாவட்டத்தில், மண்டபத்துக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையே பாக் நீரிணையைப் பார்த்தபடி அமைந்துள்ள மீனவர் ஊர் ஒன்றில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி இயங்குகிறது. அதன் பள்ளி மேலாண்மைக் குழு 2024 செப்டம்பர் முதல் 2025 பிப்ரவரி வரை ஏறக்குறைய ஒரே பொருளைக் குறித்து ஐந்து முறை தீர்மானம் எழுதியது. முதல் நான்கு தீர்மானங்களால் ஒரு துரும்பும் அசையவில்லை. ஐந்தாவது எழுதப்பட்ட மூன்றாம் வாரத்தில் கழிப்பறைத் தொட்டிக்குத் தண்ணீர் வந்தது. இடைப்பட்ட காலத்தில் குழு மாறவில்லை. அலுவலகங்களில் இருந்தவர்களும் பெரும்பாலும் அவர்களே. பதிவேட்டில் எழுதிய முறைதான் மாறியது. அந்த மாற்றம் எப்படி நேர்ந்தது என்பதைப் பதிவேட்டையே முன்வைத்து இங்கே எழுதுகிறேன்.

நான் அப்பள்ளியின் பழைய மாணவன்; அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர் பணியில் பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன். 2024 ஆகஸ்ட் மாதம் தமிழகம் முழுவதும் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் 24 உறுப்பினர்களுடன் மறுகட்டமைப்பு செய்யப்பட்டபோது, முன்னாள் மாணவர்களுக்கும் இடம் அளிக்கப்பட்டதால் உள்ளே வந்தேன். ஆகவே நான் வெளியிலிருந்து பார்த்து எழுதும் ஆய்வாளன் அல்லன். பயனற்றுப் போன நான்கு தீர்மானங்களில் இரண்டாவதன் வாசகம் என்னுடையது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளியின் பெயரையும் உடனிருந்தோர் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன்.

பள்ளி யாருடையது

எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இப்பள்ளியை இன்னமும் போர்டு பள்ளிக்கூடம் என்றே சொல்வார்கள். 1920 ஆம் ஆண்டின் மதராஸ் உள்ளாட்சி வாரியச் சட்டமும் அதே ஆண்டின் தொடக்கக் கல்விச் சட்டமும் ஜில்லா போர்டு, தாலுகா போர்டுகளின் கையில் தொடக்கக் கல்வியை வைத்திருந்த காலத்தின் எச்சம் அந்தச் சொல். 1958 ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்துக்குப் பின் ஊராட்சி ஒன்றியங்கள் உருவாகி, போர்டு நடத்திவந்த தொடக்கப் பள்ளிகள் அவற்றின் பொறுப்புக்குப் போயின. 1981 ஜூன் 1 முதல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆனார்கள். ஆசிரியரும் அவருடைய ஊதியமும் கல்வித் துறைக்குப் போய்விட, நிலமும் கட்டிடமும் ஒன்றியத்திடமே தங்கிவிட்டன.

இது ஏதோ பழங்கதை அல்ல. எங்கள் ஐந்து தீர்மானங்களின் கதைக்கும் இதுவே அடித்தளம். இன்று ஒரு தொடக்கப் பள்ளியின் சுவர் ஒன்றியத்துக்கு உரியது. குழாயில் வரும் நீர் ஊராட்சிக்கு உரியது. ஆசிரியர் தொடக்கக் கல்வித் துறைக்கு உரியவர். மதிய உணவு அமைப்பாளர் சத்துணவுத் திட்டத்தைச் சேர்ந்தவர். காலை உணவைச் சமைப்பவர் மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்தவர். இவர்கள் எல்லோரும் ஒரே வளாகத்தில், ஒரே வேப்பமரத்தடியில் நின்றாலும் இவர்களுடைய கோப்புகள் எங்கும் சந்திப்பதில்லை. வெளிநாடுகள் சிலவற்றில் தேர்ந்தெடுக்கப்பட்ட பள்ளி வாரியங்கள் வரி விதிக்கவும் தலைமை அலுவலரை நியமிக்கவும் அதிகாரம் பெற்றிருப்பதைப் படித்த இளைஞர் ஒருவர், நம் குழுவுக்கு என்ன அதிகாரம் என்று முதற் கூட்டத்திலேயே கேட்டார். வரி விதிக்க முடியாது. யாரையும் நியமிக்கவோ நீக்கவோ முடியாது. எழுத முடியும் என்பதுதான் நேர்மையான பதில்.

எழுதுவதற்கான அந்த உரிமை சட்டத்தில் தெளிவாகவே இருக்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள 2009 ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், தன் 21 ஆவது பிரிவில், குழு உறுப்பினர்களில் குறைந்தது நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. பள்ளி நடைபெறும் விதத்தைக் கண்காணிப்பது, பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது, வரும் மானியம் செலவாகும் முறையைப் பார்ப்பது ஆகிய மூன்றும் குழுவின் வேலைகள். மத்திய அரசின் 2010 ஆம் ஆண்டு விதிகள், குழு மாதம் ஒருமுறையாவது கூட வேண்டும், முடிவுகள் முறையாகப் பதியப்பட்டு மக்கள் பார்வைக்குக் கிடைக்க வேண்டும் என்று கூறுகின்றன. ‘முறையாக’ என்பது எந்த முறை என்று விதி சொல்லவில்லை. எங்களுக்கு அதைக் கற்றுக்கொள்ள ஆறு மாதம் ஆயிற்று.

வெள்ளிக்கிழமை பிற்பகல் 3 மணி

கூட்டம் வெள்ளிக்கிழமை பிற்பகலில் நடக்கும். பாக் நீரிணைப் பகுதியில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாட்களும் நாட்டுப்படகுகள் எஞ்சிய நான்கு நாட்களும் கடலுக்குச் செல்லும் ஏற்பாடு நெடுங்காலமாக இருந்துவருகிறது. விசைப்படகுக்குத் திங்கள், புதன், சனி. ஆகவே வெள்ளிக்கிழமை விசைப்படகுத் தொழிலாளி கரையில் இருப்பார், நாட்டுப்படகுக்காரர் வலையோடு கிளம்பிக்கொண்டிருப்பார். எங்கள் ஊரில் நாட்டுப்படகே அதிகம் என்பதால் கூட்டத்துக்கு வரக்கூடிய தந்தையர் எண்ணிக்கை முதலிலேயே சுருங்கிவிடுகிறது. ஜும்ஆ தொழுகை முடிந்து வீடு திரும்பிய பிறகு கூட்டம் தொடங்குவதால் இஸ்லாமியப் பெற்றோருக்கு அந்த நேரம் இடைஞ்சலாக இல்லை.

தாய்மார் வருவதோ வேறொரு கணக்கைப் பொறுத்தது. இந்தக் கரையில் மூங்கில் மிதவைகளில் பாசி வளர்ப்பு நடக்கிறது. ஒரு மிதவையில் கட்டிய பாசி அறுவடைக்கு வர ஏறக்குறைய 45 நாட்கள் ஆகும். அறுவடையும் மறுகட்டும் விழுகிற வாரத்தில் எந்தக் கூட்டத்துக்கும் ஆள் கிடைக்காது. நண்டுக் கம்பெனிக்குச் சதை எடுக்கப் போகும் பெண்களுக்கு, வரத்து நிறைய இருக்கும் நாளில் வேலை முடியும் நேரம் தெரியாது. மறுதலையாக, ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்று ஓங்கிக் கடல் கொந்தளிக்கும் வாரங்களில் பள்ளி வராந்தா நிரம்பிவிடும். எங்கள் வருகைப் பதிவேட்டை எடுத்து மாதவாரியாகப் பார்ப்பவர், பெற்றோரின் ஆர்வம் ஏறி இறங்குவதாக முடிவு கட்டக்கூடும். அதில் ஏறி இறங்குவது காற்றுதான்.

இதற்குக் குழு கண்ட வழி எளிது. நாளை மாற்றும் அதிகாரம் எங்களிடம் இல்லை. கல்வித் துறையின் கைபேசிச் செயலியில் வருகையையும் தீர்மானத்தையும் பதிவேற்ற வேண்டிய நாள் மேலிருந்து வருவது. ஆகவே வெள்ளிக்கிழமைக்கு முந்தைய மாலையில், மீன் ஏலக் கொட்டகைக்கு அருகே, குழுத் தலைவியும் நான்கைந்து உறுப்பினர்களும் உட்கார்ந்து பொருள்நிரலைப் பேசி முடித்துவிடுவார்கள். மறுநாள் வர முடியாதவர்களின் கருத்து அப்போதே தெரிந்துவிடும். அது முறையான கூட்டம் அல்ல, அங்கே கையொப்பம் எதுவும் வாங்குவதில்லை. ஆனாலும் முறையான கூட்டம் வெறும் கையொப்பச் சடங்காகிவிடாமல் காத்தது அந்த மாலைப் பேச்சுதான் என்பது என் எண்ணம்.

வழக்கமான அலுவல்களைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. மாணவர் வருகை, நெடுநாள் வராத பிள்ளைகளின் பட்டியல், எண்ணும் எழுத்தும் வகுப்புகளின் நிலை, உணவின் தரம், மானிய வரவு செலவு எனப் பட்டியல் மாதந்தோறும் ஒன்றாகவே இருக்கும். காலை உணவைப் பற்றி மட்டும் ஒரு வரி. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த இத்திட்டத்தில், சமைப்பவரும் அதே பள்ளிப் பிள்ளையின் தாயாகவே இருக்கிறார். சமையலைக் கண்காணிக்கும் குழுவில் அவருடைய அண்டைவீட்டாரும் உறவினரும்தான் உறுப்பினர்கள். பொங்கலில் உப்பு கூடிவிட்டது என்பதைப் பதிவேட்டில் எழுதுவதா, வீட்டு வாசலில் சொல்லிவிடுவதா என்ற கேள்வி வந்தபோது, குழு இரண்டாவதையே தேர்ந்தது. அது சரியென்றே எனக்கும் பட்டது.

நான்கு தீர்மானங்கள்

பள்ளியில் அப்போது 58 பிள்ளைகள் படித்தார்கள். தலைமை ஆசிரியரும் இன்னோர் ஆசிரியரும் பணியில் இருந்தார்கள். வளாகத்தில் இரண்டு கட்டிடங்கள் உண்டு. ஒன்று புழக்கத்தில் உள்ளது. மற்றொன்று பூட்டிக் கிடக்கும் பழைய கான்கிரீட் கட்டிடம். கூரைக் கம்பி உப்புக் காற்றில் துருப்பிடித்துப் பருத்து, சிமென்ட் பூச்சைப் பெயர்த்துத் தள்ளிக்கொண்டிருந்தது. கடலோரத்தில் கட்டிடங்கள் சாவது இப்படித்தான். வெளியிலிருந்து பார்க்கும்போது சுவர் உறுதியாகவே தெரியும். உள்ளே கம்பி ஊதி வெடித்திருக்கும். பூட்டிய கட்டிடம்தானே என்று விட்டுவிட முடியாதபடி, காலை உணவுக்கு வரிசையில் நிற்கும் பிள்ளைகள் அதன் தாழ்வாரத்தை ஒட்டியே நின்றார்கள். 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்ததும், அதன்பின் மாநிலமெங்கும் பழுதடைந்த பள்ளிக் கட்டிடங்களைக் கணக்கெடுத்து இடிக்க உத்தரவிடப்பட்டதும் பெற்றோர் மனத்தில் இருந்தன. அந்தக் கணக்கெடுப்பில் எங்கள் கட்டிடம் எப்படி விடுபட்டது என்பதற்குப் பதிவேட்டில் விடை இல்லை.

இரண்டாவது குறை கழிப்பறை. ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனியாக இருந்தது, தண்ணீர்தான் இல்லை. ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பு. அந்த உப்பே மோட்டாரைத் தின்றுவிட்டிருந்தது. குடிநீருக்குக் காவிரிக் கூட்டுக் குடிநீர் ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டி வழியாகத் தெருக்குழாய்க்கு வந்தது. அங்கிருந்து பிள்ளைகள் குடத்தில் எடுத்து வந்தார்கள். மூன்றாவது குறை, ஐந்து வகுப்புகளுக்கு இரண்டு ஆசிரியர்கள் போதவில்லை என்பது.

2024 செப்டம்பர் கூட்டத்தின் தீர்மானம் இப்படி இருந்தது: “பள்ளியின் குறைபாடுகள் குறித்து விரிவாக விவாதிக்கப்பட்டது. அவற்றை விரைவில் சரிசெய்ய ஒருமனதாக முடிவு செய்யப்பட்டது.” சரிசெய்யப் போவது யார் என்று அதில் இல்லை. உண்மையில் அது தீர்மானமே அல்ல, ஒரு பெருமூச்சு. கையொப்பங்கள் மட்டும் ஒழுங்காக இருந்தன.

அக்டோபரில் நான் பேனாவை வாங்கினேன். முப்பது ஆண்டு எழுத்தர் அனுபவத்தின் முழு மிடுக்கோடு, “பழுதடைந்த கட்டிடத்தை அகற்றவும், கழிப்பறைக்கு நீர் வசதி ஏற்படுத்தவும், கூடுதல் ஆசிரியரை நியமிக்கவும் தக்க நடவடிக்கை மேற்கொள்ளுமாறு உயர் அலுவலர்களை இக்குழு பணிவுடன் கேட்டுக்கொள்கிறது” என்று எழுதினேன். படிப்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. தலைமை ஆசிரியர் நகலை வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்பினார். மூன்று குறைகளில் இரண்டு அந்த அலுவலகத்தின் கையில் இல்லாதவை. மூன்றாவது அப்போது ஆகக்கூடியது அல்ல. தாள் அங்கே எந்தக் கோப்பில் சேர்ந்ததோ, பதில் வரவில்லை. பணியில் இருந்த காலத்தில் ‘உயர் அலுவலர்கள்’ என்று முகவரியிட்ட எத்தனையோ மனுக்களை நானே ஓரமாக வைத்திருக்கிறேன். அப்படியிருந்தும் அதே சொல்லை எழுதினேன்.

நவம்பர் 20 அன்று ராமேஸ்வரம் தீவிலும் மண்டபம் கரையிலும் கொட்டித் தீர்த்த மழையை இந்தப் பகுதியினர் எளிதில் மறக்கமாட்டார்கள். ராமேஸ்வரத்தில் மட்டும் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் பதிவானது. பழைய கட்டிடத்தின் தாழ்வாரக் கூரையிலிருந்து ஒரு பாளம் பெயர்ந்து விழுந்தது. விடுமுறை நாள் என்பதால் யாரும் அடியில் இல்லை. அந்த மாதக் கூட்டம் கோபத்தோடு நடந்தது. மூன்றாம் தீர்மானம் ஊராட்சித் தலைவருக்கு எழுதப்பட்டது. கட்டிடத்தை உடனே இடிக்கக் கோரியது. ஆனால் கட்டிடம் ஒன்றியத்தின் சொத்து. ஊராட்சித் தலைவருக்கு அதைத் தொட உரிமை இல்லை. அவர் நல்லெண்ணத்தோடு வாங்கி வைத்துக்கொண்டார். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 உடன் முடிந்தபோது, அந்தத் தாளும் அவருடைய வீட்டு அலமாரியோடு ஓய்வு பெற்றது. குழுவில் இருந்த உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் இடங்களும் அன்றே பொருளிழந்தன.

ஜனவரியில் எழுதிய நான்காவது, முதன்முறையாக ஒன்றிய அலுவலகத்தின் படியேறியது. அதில் மூன்று குறைகளும் மறுபடி ஒன்றாகச் சேர்ந்திருந்தன. தலைவியும் தலைமை ஆசிரியரும் நானுமாக நேரில் கொண்டுபோனோம். தபால் பிரிவில் இருந்த உதவியாளர் தாளை இருமுறை படித்துவிட்டுத் தலைவியிடம் சொன்னார்: “அம்மா, இது மூணு ஆபீசுத் தாள். ஒண்ணாத் தைச்சுக் கொண்டாந்திருக்கீங்க. நான் எந்த செக்சனுக்குப் போடட்டும்?”

தலைவி பாசி மிதவை கட்டிப் பிழைக்கும் பெண். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். வெளியே வந்ததும் அவர் என்னைப் பார்த்து, “அண்ணே, மிதவையில கூட ஒரு கயித்துக்கு ஒரு முடிச்சுத்தான் போடுவோம். மூணையும் சேத்துக் கட்டினா எது அறுந்துச்சுன்னு தெரியாதே” என்றார். பேருந்தில் திரும்பும்போதே தாளை மூன்றாகப் பிரிப்பது என்று முடிவாகிவிட்டது.

இங்கே ஒரு நுட்பத்தை விளக்க வேண்டும். பலருக்கு இது தெரிவதில்லை, எனக்கும் அரைகுறையாகவே தெரிந்திருந்தது. ஒன்றிய அலுவலகத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர்கள் இருவர் இருக்கிறார்கள். ஒருவர் வட்டார ஊராட்சிக்கு, அதாவது ஒன்றியத்துக்கு; மற்றவர் கிராம ஊராட்சிகளுக்கு. ஒன்றியத்தின் சொத்தான பள்ளிக் கட்டிடம் முன்னவரிடம் போகும். ஊராட்சியின் குழாய் பின்னவரிடம் போகும். உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்த பிறகு ஊராட்சிகளின் தனி அலுவலர் பொறுப்பும் அவரிடமே வந்தது. இருவர் அறைகளுக்கும் இடையே நடைவழி ஒன்றுதான். ஆனால் தாள் தானாக நடக்காது. போதாக்குறைக்கு நம் வழக்கில் டெல்லியில் இருப்பதும் ஒன்றிய அரசு, இங்கே இருப்பதும் ஒன்றியம். ‘ஒன்றியத்துக்கு எழுதியாயிற்று’ என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னபோது, பிரதமருக்கா என்று இன்னொருவர் கேட்டதும் பதிவேட்டுக்கு வெளியே நடந்தது.

ஐந்தாவது

பிப்ரவரிக் கூட்டத்தில் ஐந்தாவது தீர்மானம் அ, ஆ, இ என மூன்று உட்பிரிவுகளாக எழுதப்பட்டது. ஒவ்வொன்றும் தனித் தாளில், தனி முகவரிக்கு.

அ பிரிவு வட்டார வளர்ச்சி அலுவலர் (வட்டார ஊராட்சி) அவர்களுக்கு. “வளாகத்தின் வடக்கெல்லையில், நுழைவாயிலுக்கு இடப்புறம் உள்ள, ஏறக்குறைய 30 அடி நீளமும் 20 அடி அகலமும் கொண்ட கான்கிரீட் கட்டிடத்தை ஒன்றியப் பொறியாளர் பார்வையிட்டு அதன் உறுதித்தன்மை குறித்துச் சான்று அளிக்க வேண்டும்” என்பதே கோரிக்கை. இடியுங்கள் என்று எழுதவில்லை. இடிப்பது பல படிகள் தாண்டி நடக்கும் செயல்: பொறியாளர் சான்று, மேல் அனுமதி, பழைய பொருட்களின் மதிப்பீடு, ஏலம். முதற்படியை மட்டும் கேட்டால், கேட்கப்பட்டவர் தன் அதிகாரத்துக்குள்ளேயே அதைச் செய்துவிடலாம். மேலே எழுதிக் காத்திருக்க வேண்டியதில்லை. தாளோடு நான்கு புகைப்படங்கள் இணைக்கப்பட்டன. ஒன்றில் பெயர்ந்து விழுந்த பாளத்தின் பக்கத்தில் ஒரு பிள்ளையின் தட்டு அளவுக்காக வைக்கப்பட்டிருந்தது. ஆய்வு முடியும்வரை கட்டிடத்தைச் சுற்றிப் பத்தடிக்குக் கயிறு கட்டித் தடுப்பது, உணவு வரிசையைத் தெற்குப் பக்கம் மாற்றுவது என்ற இரண்டையும் குழு தானே செய்துகொள்வதாக அதே தாளில் எழுதி, மறுநாளே செய்தது. இதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியிருக்கவில்லை, செப்டம்பரிலேயே செய்திருக்கலாம். ஐந்து மாதம் மற்றவர்களுக்கு எழுதிக்கொண்டிருந்ததில், தானே செய்யக்கூடியதைக் குழு மறந்திருந்தது. நவம்பர் மழை விடுமுறை நாளில் பெய்தது எங்கள் நல்லூழ் என்பதற்கு மேல் இதில் சொல்ல எதுவும் இல்லை.

ஆ பிரிவு கிராம ஊராட்சிகளுக்கான வட்டார வளர்ச்சி அலுவலருக்கு, நகல் ஊராட்சிச் செயலருக்கு. தெருக்குழாயிலிருந்து கழிப்பறைத் தொட்டிவரை அளந்து, எத்தனை அடி குழாய் வேண்டும் என்று எழுதப்பட்டது. அளந்தவர் ஊரில் குழாய் வேலை செய்யும் ஒரு தந்தை. பள்ளம் தோண்டும் வேலையைப் பெற்றோர் ஏற்பதாகவும், இணைப்பு கொடுப்பது மட்டும் ஊராட்சியின் வேலை என்றும் தெளிவாக இருந்தது. மூன்றாம் வாரம் இணைப்பு வந்தது. குடிநீரைக் கழிப்பறைக்குத் தருவதா என்ற கேள்வி ஊரில் எழாமல் இல்லை. கோடையில் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் தண்ணீர் அது. நீர் வராத நாளில் தொட்டியில் இருப்பதைக் கொண்டே சமாளிப்பது, கூடுதல் இணைப்பு கேட்பதில்லை என்று குழு ஊருக்கு வாக்களித்து அதையும் பதிவு செய்தது.

தொட்டிக்கும் குழாய்த் திறப்புகளுக்குமான செலவு பள்ளி மானியத்திலிருந்து எடுக்கப்பட்டது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்ட விதிப்படி 30க்கு மேல் 100 வரை பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு ஆண்டு மானியம் ரூ.25,000, அதில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு, அதாவது ரூ.2,500, தூய்மைப் பணிக்கு. ஆனால் 2024-25 இல் இத்திட்டத்துக்கான ஒன்றிய அரசின் பங்கான ரூ.2,152 கோடி தமிழகத்துக்கு விடுவிக்கப்படாமல் இழுபறியில் இருந்தது. எங்கள் பதிவேட்டிலும் மானியம் முதலில் பாதியாகவே வரவு வைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே சுண்ணாம்படிப்பதைத் தள்ளிவைத்துத் தொட்டியை வாங்கினார்கள். வெள்ளையடித்த சுவர் ஆய்வுக்கு வருபவர் கண்ணில் படும் என்று ஓர் உறுப்பினர் வாதிட்டதும், தண்ணீர் பிள்ளைகளுக்குத்தானே என்று தலைவி மறுத்ததும் கூட்டக் குறிப்பில் இருக்கின்றன. மறுப்புரையையும் எழுதி வைக்கும் வழக்கம் அந்தக் கூட்டத்தில்தான் தொடங்கியது.

இ பிரிவு வட்டாரக் கல்வி அலுவலருக்கு. இதற்குத்தான் விரைவாகப் பதில் வந்தது. அது ‘இல்லை’ என்ற பதில். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். 61 முதல் 90 வரை மூவர். பணியிட நிர்ணயம் ஆகஸ்ட் 1 ஆம் நாள் எண்ணிக்கையை வைத்து நடக்கிறது. எங்களிடம் 58 பேர். ஆக, மாதக்கணக்கில் நாங்கள் யாரிடமும் கேட்டுப் பெறக்கூடியதல்லாத ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தோம். ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் என்ற கணக்கு எவ்வளவு பொருந்தாதது என்று சட்டத்தோடு சண்டையிடலாம், அந்தச் சண்டைக்கு நியாயமும் உண்டு. அதை நடத்தும் இடம் வட்டாரக் கல்வி அலுவலகம் அல்ல.

இந்தப் பதிலால் குழுவின் கவனம் அலுவலகங்களை விட்டு ஊருக்குள் திரும்பியது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. கரையில் வருமானம் இல்லாத இந்த மாதங்களில்தான் வேன் வைத்து அழைத்துப்போகும் பள்ளிக்குக் கட்டிய பணம் பாரமாகத் தெரியும். இந்த மாதங்களில்தான் சேர்க்கையும் நடக்கும். குழு உறுப்பினர்கள் தெருத் தெருவாகப் போனார்கள். என்ன பேசினார்கள் என்று பதிவேட்டில் இல்லை. ஆனால் தண்ணீர் வரும் கழிப்பறை இருப்பதைப் பெண் பிள்ளைகளின் தாய்மாரிடம் முதலில் சொன்னதாகத் தலைவி பின்னர் என்னிடம் கூறினார். ஐந்தாம் வகுப்பு முடித்து வெளியேறியவர்களையும் கழித்து, 2025 ஆகஸ்ட் 1 அன்று எண்ணிக்கை 62.

அ பிரிவின் நிலை இதைவிட மெதுவாக நகர்ந்தது. பொறியாளர் மார்ச் கடைசியில் வந்து பார்த்தார். தகுதியற்றது என்ற சான்று ஏப்ரல் மாதம் கிடைத்தது. அனுமதியும் ஏலமும் முடிந்து கட்டிடம் இடிக்கப்பட்டது ஜூலையில். ஒவ்வொரு படி முடிந்ததும் அடுத்த படிக்கான தாளைக் குழு தனியே எழுதியது. எதையும் இன்னொன்றோடு சேர்க்கவில்லை. மே 1 கிராம சபையில் சான்றின் நகல் படிக்கப்பட்டு, அங்கும் ஒரு தீர்மானமாகப் பதியப்பட்டது. கிராம சபையில் எழுதினால் கோப்பு வேகமாக நகரும் என்பது ஊரில் பலரின் நம்பிக்கை. எங்கள் அனுபவத்தில் அது தடுக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை.

தள்ளாடிப் போன ஒன்றையும் சொல்ல வேண்டும். மூன்றாண்டுக்கான பள்ளி வளர்ச்சித் திட்டத்தை நிதியாண்டு முடிவதற்கு மூன்று மாதம் முன்பே தயாரிக்க வேண்டும் என்பது விதி. நாங்கள் டிசம்பரில் பாளம் விழுந்த கோபத்தில் இருந்தோம். திட்டத்தைத் தலைமை ஆசிரியர் ஒருவரே இரவில் உட்கார்ந்து நிரப்பினார், தலைவி கையொப்பமிட்டார். அந்தத் திட்டத்தில் கழிப்பறைத் தண்ணீர் என்ற வரியே இல்லை என்பதை ஜூனில்தான் கண்டோம். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இரண்டு பேர் வேலை செய்யும் பள்ளியில் ஒருவர் வகுப்பெடுக்க, மற்றவர் எமிஸ் எனும் கல்வித் துறை இணையதளப் பதிவும் மானியக் கணக்கும் கூட்டக் குறிப்பும் பார்க்க வேண்டியிருக்கிறது. சட்டத்தின் 27 ஆவது பிரிவு கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிர்த்த கல்விசாராப் பணிகளுக்கு ஆசிரியரை அனுப்பக்கூடாது என்கிறது. பள்ளிக்குள்ளேயே குவியும் எழுத்து வேலையை அது தொடுவதில்லை.

மூன்றாவது பணியிடத்துக்கான கோரிக்கை, 62 என்ற எண்ணிக்கைக்கான பதிவேட்டு நகலோடு, ஆகஸ்ட் முதல் வாரத்தில் வட்டாரக் கல்வி அலுவலருக்குச் சென்றிருக்கிறது. ஒப்புகைச் சீட்டு பதிவேட்டில் ஒட்டப்பட்டுள்ளது. இடித்த இடத்தில் கம்பியும் கல்லும் இன்னும் குவிந்து கிடக்கின்றன. ஏலம் எடுத்தவர் அவற்றை அகற்ற வேண்டிய கெடு முடிந்துவிட்டது. அடுத்த கூட்டத்தின் பொருள்நிரலில் முதல் இனம் அதுதான். தாள் வட்டார ஊராட்சியின் வளர்ச்சி அலுவலருக்குப் போக வேண்டும் என்று தலைவி ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறார்.